மெயிலில் அட்டாச்மெண்ட்டைப் பற்றி எழுதுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆம்பூரிலிருந்து இத்தாலிக்குப் போகும் பேக்கிங் லிஸ்ட், சத்துவாச்சாரியில் உள்ள ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகும் மனு, காட்பாடியில் படிப்பை முடித்தவர் அனுப்பும் ரெஸ்யூமே எல்லாமே இன்று மெயிலோடு ஒட்டிக்கொண்டுதான் போகின்றன. கோப்பைத் தயாரிக்க இரண்டு நாள் செலவழிப்பவர்கள், அதைப் பற்றி மெயிலில் எழுதும் இரண்டு வரியை இருபது வினாடியில் முடித்துவிடுகிறார்கள். தாமதமும் குழப்பமும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் வட்டாரத்து அலுவலகங்களில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

அட்டாச்மெண்ட்டைப் பற்றி மெயிலில் கட்டாயம் என்ன இருக்க வேண்டும்?

என்ன ஆவணம், அதன் எண் அல்லது தேதி, மொத்தம் எத்தனை கோப்பு, பெறுபவர் அதை வைத்து என்ன செய்ய வேண்டும். இந்த நான்கும் போதும்.

“அட்டாச்மெண்ட்டைப் பார்க்கவும்” என்ற வரியில் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்:

“மார்ச் 14 தேதியிட்ட 231ஆம் எண் இன்வாய்ஸையும் அதற்கான பேக்கிங் லிஸ்ட்டையும் இணைத்துள்ளேன் (2 பிடிஎஃப்). 7ஆம் பெட்டியின் நிகர எடையை மட்டும் சரிபார்த்து, வியாழன் மாலைக்குள் பதில் தர வேண்டுகிறேன்.”

ரயிலில் போனில் படிப்பவர்கூட கோப்பைத் திறக்காமலே, இது இப்போது செய்ய வேண்டிய வேலையா, அலுவலகம் போய்ச் செய்யலாமா என்று முடிவெடுத்துவிடுவார். நான்கில் அதிகம் விடுபடுவது கடைசி விஷயம்தான். அனுப்புபவருக்கு நோக்கம் மனதில் தெளிவாக இருப்பதால், எதிராளிக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிடுகிறார். ஒப்புதலுக்கா, கையெழுத்துக்கா, தகவலுக்கு மட்டுமா என்பதைச் சொல்லாத மெயிலுக்குப் பதில் வராததில் வியப்பில்லை.

கோப்பில் இருக்கும் முக்கியத் தகவலை மெயிலிலும் எழுத வேண்டுமா?

வேண்டும். தோல் ஏற்றுமதியில் தினமும் நடப்பதையே எடுத்துக்கொள்வோம். ஐரோப்பியச் சந்தைக்குப் போகும், உடம்பில் படும் தோல் பொருள்களில் குரோமியம் 6 என்ற நச்சுப்பொருள் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்ற வரம்பை எட்டக் கூடாது. அதற்கான லேப் ரிப்போர்ட் பல பக்கம் ஓடும். வாங்குபவர் தேடுவது அதில் ஒரே ஒரு வரியை.

“லேப் டெஸ்ட் ரிப்போர்ட்டை இணைத்துள்ளோம்” என்றால் அந்த வரியை அவரே தேட வேண்டும். “கறுப்பு நிற ஃபினிஷ்டு லெதரின் டெஸ்ட் ரிப்போர்ட்டை இணைத்துள்ளோம். குரோமியம் 6 கண்டறியப்படவில்லை, முடிவு 4ஆம் பக்கத்தில் உள்ளது” என்றால் அவர் வேலை முடிந்தது. அவர் மேலதிகாரிக்கும் அந்த மெயிலை அப்படியே ஃபார்வர்ட் செய்வார்.

இன்னொரு பலனும் உண்டு. கோப்பு திறக்காவிட்டாலும், வழியில் ஃபில்டரில் சிக்கினாலும், செய்தி மட்டும் போய்ச் சேர்ந்திருக்கும்.

“ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்டு” என்பது தவறா?

தவறில்லை. பழைய வணிகக் கடித நடையிலிருந்து வந்தது, இலக்கணப்படியும் சரி. ஆனால் அதை எழுதியதும் வேலை முடிந்ததாகக் கருதி மேலே எதுவும் எழுதாமல் விடுவது வழக்கமாகிவிட்டது. “ஐ ஹேவ் அட்டாச்டு தி இன்வாய்ஸ்” என்றோ “தி இன்வாய்ஸ் இஸ் அட்டாச்டு” என்றோ நேராக எழுதுவதே எங்கள் பரிந்துரை. மரியாதை குறையாது.

ஆங்கிலத்தில் எழுதும்போது அடிக்கடி இடறும் இடங்கள் சில உண்டு. ஒரு கோப்பு என்றால் “அட்டாச்டு இஸ்”, பல என்றால் “அட்டாச்டு ஆர்”. “ப்ளீஸ் ஃபைண்ட் தி அட்டாச்டு” என்று நிறுத்தினால் வாக்கியம் பாதியில் நிற்கிறது; “தி அட்டாச்டு இன்வாய்ஸ்” என்று பொருளின் பெயரையும் சேர்க்க வேண்டும். “ஹியர்வித்” தேவையே இல்லை. “பிஎஃப்ஏ” என்ற சுருக்கத்தை ஒரே அலுவலகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர் பலருக்கு அது புரியாது.

“என்க்ளோஸ்டு” என்பது உறைக்குள் அல்லது பார்சலுக்குள் வைத்ததைக் குறிக்கும். தோல் மாதிரித் துண்டுகளை கூரியரில் அனுப்பி, அவற்றின் பட்டியலை மெயிலில் அனுப்பும்போது இந்த வேறுபாடு உண்மையிலேயே உதவும். கூரியரில் போனதற்கு “என்க்ளோஸ்டு”, மெயிலில் போனதற்கு “அட்டாச்டு” என்று பிரித்து எழுதினால் வாங்குபவர் எதை எங்கே தேடுவது என்று குழம்ப மாட்டார்.

தமிழில் எழுதும்போது எந்தச் சொற்றொடர் பொருத்தம்?

தனி நபராக எழுதினால் “இத்துடன் இணைத்துள்ளேன்”, நிறுவனத்தின் சார்பில் என்றால் “இணைத்துள்ளோம்”. யார் இணைத்தார் என்பது முக்கியமில்லாத அலுவல் கடிதங்களில் “இணைக்கப்பட்டுள்ளது”. இதில் ஒருமை, பன்மையைக் கவனியுங்கள். “மூன்று சான்றிதழ்கள் இணைக்கப்பட்டுள்ளது” என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. “இணைக்கப்பட்டுள்ளன” என்பதே சரி.

“இத்துடன் இந்த மெயிலுடன் இணைத்து அனுப்பியுள்ளேன்” என்று ஒன்றையே இரண்டு முறை சொல்ல வேண்டாம். நோக்கத்தைச் சொல்ல “தங்கள் ஒப்புதலுக்காக”, “தகவலுக்காக மட்டும்”, “கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்ப” என்ற தொடர்கள் எல்லா இடத்திலும் செல்லும். மூத்த அதிகாரிக்கும் முன்பின் அறியாதவருக்கும் “தங்கள்”. தினமும் பேசிப் பழகும் வாடிக்கையாளருக்கு “உங்கள்” போதும். ஒரே மெயிலில் இரண்டையும் கலக்காதீர்கள்.

இந்த வரி மெயிலில் எந்த இடத்தில் வர வேண்டும்?

மெயிலே கோப்பை அனுப்புவதற்காகத்தான் என்றால் முதல் வரியில். வேறு விஷயத்தை விளக்கி, அதற்கு ஆதாரமாகக் கோப்பைக் காட்டினால், அந்த விஷயம் பேசப்படும் பத்தியிலேயே. கையெழுத்துக்கு முந்தைய கடைசி வரியில் போட்டால் போனில் படிப்பவர் அதுவரை ஸ்க்ரோல் செய்யாமலே போகக்கூடும்.

ஐந்தாறு கோப்புகள் இருந்தால்?

எண்ணிட்டுப் பட்டியல் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எதற்கு என்று நான்கைந்து சொல். பட்டியலின் வரிசையும் கோப்புப் பெயரின் வரிசையும் ஒன்றாக இருக்கட்டும். 01, 02, 03 என்று பெயரின் முன்னால் எண் போட்டால் பெரும்பாலான கணினிகளில் அப்படியே வரிசைப்படும்.

மொத்த எண்ணிக்கையை எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவுட்லுக்கில் கையெழுத்தோடு வரும் நிறுவன லோகோவும் சில சமயம் “இமேஜ்001” என்ற பெயரில் தனி அட்டாச்மெண்ட்டாகத் தெரியும். நீங்கள் மூன்று அனுப்பியிருப்பீர்கள், அவருக்கு ஐந்து தெரியும். “3 பிடிஎஃப்” என்று எழுதியிருந்தால் லோகோவைத் திறந்து பார்த்து நேரத்தை வீணாக்க மாட்டார். மூன்றுக்குப் பதில் இரண்டுதான் வந்திருந்தாலும் உடனே கேட்பார்.

கோப்புக்கு எப்படிப் பெயர் வைப்பது?

“ஸ்கேன்0012”, “நியூ டாகுமெண்ட்”, “ஃபைனல் ஃபைனல்” ஆகிய பெயர்கள் உங்கள் மேசையில் மட்டும்தான் புரியும். நிறுவனப் பெயர், ஆவணத்தின் வகை, எண், தேதி ஆகியவை பெயரில் இருக்கட்டும். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் (2025-03-14) கோப்புகள் காலவரிசையில் தாமாகவே அடுக்கிக்கொள்ளும். 03-04 என்பது அமெரிக்கருக்கு மார்ச் 4, நமக்கு ஏப்ரல் 3 என்ற சிக்கலும் தீரும்.

கோப்புப் பெயரை ஆங்கில எழுத்தில் வைப்பது பாதுகாப்பு. சில பழைய மெயில் மென்பொருள்களில் தமிழ்ப் பெயர் கேள்விக்குறிகளாகவும் கட்டங்களாகவும் மாறிவிடுகிறது. மெயிலில் கோப்பைக் குறிப்பிடும்போது அதே பெயரைச் சொல்லுங்கள். மெயிலில் “விலைப்பட்டியல்” என்றும் கோப்பில் “குவொட்டேஷன்” என்றும் இருந்தால், இரண்டும் ஒன்றா வேறா என்று கேட்டு ஒரு மெயில் திரும்பி வரும்.

எவ்வளவு பெரிய கோப்பை அனுப்பலாம்?

ஜிமெயிலில் ஒரு மெயிலுக்கு 25 எம்பி. அதற்கு மேல் போனால் அது தானாகவே கூகுள் டிரைவ் லிங்க்காக மாற்றிவிடும். ஆனால் பெறுபவரின் சர்வர் வரம்பு இதைவிடக் குறைவாக இருக்கலாம். 10 எம்பியோடு நிறுத்தும் நிறுவனங்கள் இன்னும் நிறைய.

இங்கே ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். மெயிலில் போகும்போது கோப்பு எழுத்துகளாக மாற்றப்படுகிறது. ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்தாகிறது. அதாவது அளவு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. 7.5 எம்பி கோப்பு வழியில் 10 எம்பி ஆகிவிடும். “கோப்பு 9 எம்பிதானே, ஏன் திரும்பி வந்தது?” என்பதற்கு இதுதான் விடை. 10 எம்பி வரம்புள்ள இடத்துக்கு 7 எம்பிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து மட்டுமே உள்ள பக்கங்களை 200 டிபிஐயில், வண்ணமில்லாமல் ஸ்கேன் செய்தாலே அளவு வெகுவாகக் குறையும்.

பல மெயில்களாகப் பிரித்து அனுப்பினால் பொருள் வரியில் “1/3”, “2/3”, “3/3” என்று எழுதுங்கள். முதல் மெயிலிலேயே மொத்தம் மூன்று என்று சொல்லிவிடுங்கள்.

டிரைவ் லிங்க் அனுப்பும்போது எப்படி எழுதுவது?

“இணைத்துள்ளேன்” என்று எழுதாதீர்கள். பெறுபவர் அட்டாச்மெண்ட்டைத் தேடுவார். “கோப்பு 60 எம்பி என்பதால் கீழே லிங்க் கொடுத்துள்ளேன், லிங்க் உள்ளவர்கள் யாரும் பார்க்கலாம், திருத்த முடியாது, ஏப்ரல் 30 வரை இருக்கும்” என்று எழுதுங்கள். அனுப்பும் முன் பிரவுசரின் இன்காக்னிட்டோ சன்னலில் லிங்க்கைத் திறந்து பாருங்கள். அங்கே அனுமதி கேட்டு நின்றால் பெறுபவருக்கும் அப்படித்தான் நிற்கும். வெளிநாட்டுக்காரர் அனுமதி கேட்கும் நேரத்தில் நமக்கு நள்ளிரவாக இருந்தால் ஒரு நாள் போய்விடும்.

“கீழே உள்ள மெயிலின் அட்டாச்மெண்ட்டைப் பார்க்கவும்” என்று எழுதலாமா?

புதிதாக ஒருவரை சிசியில் சேர்த்திருந்தால் எழுதாதீர்கள். ரிப்ளை கொடுக்கும்போது பழைய அட்டாச்மெண்ட் கூடப் போகாது. ஃபார்வர்ட் செய்தால்தான் போகும். புதிதாகச் சேர்ந்தவர் பழைய உரையாடலை மட்டும் படிப்பார், கோப்பு இருக்காது. கோப்பை மறுபடி இணைத்து, “மார்ச் 14 அனுப்பிய அதே கோப்புதான், மாற்றம் எதுவும் இல்லை” என்று எழுதுங்கள். அந்தக் கடைசி மூன்று சொல் இல்லாவிட்டால், ஏற்கெனவே வைத்திருப்பவர் இரண்டையும் ஒப்பிட உட்கார்ந்துவிடுவார்.

இணைக்க மறந்து அனுப்பிவிட்டால்?

அனுப்பிய மெயிலுக்கே ரிப்ளை ஆல் கொடுத்து, கோப்பை இணைத்து, “முந்தைய மெயிலில் கோப்பு விடுபட்டுவிட்டது, இப்போது இணைத்துள்ளேன்” என்று ஒரே வரி. ஒரு பத்தி வருத்தம் தெரிவிக்க வேண்டியதில்லை.

வராமல் தடுக்க: முதலில் கோப்பை இணையுங்கள், அப்புறம் மெயிலை எழுதுங்கள், கடைசியாக டூ முகவரியை நிரப்புங்கள். மேலிருந்து கீழாகப் போகும் வழக்கத்தைத் திருப்பிப்போட்டாலே பாதிப் பிழைகள் நின்றுவிடும். ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்பப் பெறும் நேரம் 5 வினாடியாக இருக்கும். செட்டிங்ஸில் அதை 30 வினாடியாக்கிக்கொள்ளுங்கள். “அட்டாச்டு” என்று எழுதிவிட்டுக் கோப்பில்லாமல் அனுப்பினால் ஜிமெயிலும் அவுட்லுக்கும் எச்சரிக்கும். தமிழில் எழுதுபவர்கள் அந்த எச்சரிக்கையை நம்பி இருக்க வேண்டாம்.

தவறான கோப்போ பழைய பதிப்போ போய்விட்டால்?

இது மறப்பதைவிட ஆபத்து. பெறுபவர் அதை வைத்து வேலையைத் தொடங்கியிருப்பார். பொருள் வரியின் தொடக்கத்தில் “திருத்தம்” என்று சேருங்கள். உள்ளே மூன்று விஷயம் வேண்டும்: எந்தக் கோப்பை விட்டுவிட வேண்டும், எது சரியானது, என்ன மாறியிருக்கிறது.

“காலை 10.40க்கு அனுப்பிய விலைப்பட்டியலைப் பயன்படுத்த வேண்டாம். இத்துடன் உள்ள பதிப்பு 2 சரியானது. 3ஆம் வரிசையில் சதுர அடி விலை மட்டும் மாறியுள்ளது, மற்றவை அப்படியே.”

மாறியதைச் சொல்லாமல் “திருத்திய கோப்பு” என்று மட்டும் அனுப்பினால், அவர் முழுவதையும் மறுபடி படிக்க வேண்டும். அனுப்பிய மெயிலைத் திரும்பப் பெறும் அவுட்லுக்கின் ரீகால் வசதியை நம்பாதீர்கள்; ஒரே நிறுவனத்துக்குள் தவிர வெளியே அது வேலை செய்யாது.

அரசு அலுவலகத்துக்கு மெயிலில் மனு அனுப்பும்போது?

கடித வடிவத்தை அப்படியே பின்பற்றுங்கள்: அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, பிறகு செய்தி, கையொப்பத்துக்குக் கீழே “இணைப்பு”. பலர் “பார்வை”யையும் “இணைப்பு”வையும் குழப்பிக்கொள்கிறார்கள். முன்பு நடந்த கடிதப் போக்குவரத்தின் எண்ணும் தேதியும் பார்வையில் வரும்; இப்போது கூட அனுப்பும் நகல்கள் இணைப்பில் வரும். பழைய கடிதத்தின் நகலையும் அனுப்பினால் இரண்டிலும் வரும்.

செய்திக்குள் “இணைப்பு 2இல் உள்ள வில்லங்கச் சான்றின்படி” என்று எண்ணோடு சுட்டுங்கள். பட்டா மாறுதல் தொடர்பான மனு என்றால் கீழே இப்படி இருக்கும்:

இணைப்பு:
1. கிரயப் பத்திர நகல் (6 பக்கம்)
2. வில்லங்கச் சான்று (2 பக்கம்)
3. வீட்டு வரி ரசீது நகல் (1 பக்கம்)

அடைப்புக்குள் பக்க எண்ணிக்கை முக்கியம். மெயிலைப் பிரிண்ட் எடுத்துக் கோப்பில் சேர்க்கும் ஊழியர் ஒரு பக்கம் விடுபட்டாலும் அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்.

சான்றிதழில் வட ஆற்காடு மாவட்டம், முகவரியில் ராணிப்பேட்டை மாவட்டம். இதை மெயிலில் விளக்க வேண்டுமா?

நம் பகுதிக்காரர்களுக்கு இது அடிக்கடி வரும் சிக்கல். ஒரே வரியில் விளக்கிவிடுங்கள். 1989இல் வட ஆற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. வேலூரைத் தலைமையிடமாகக் கொண்டது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், மற்றது திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம். முன்னது பிறகு வேலூர் மாவட்டம் ஆனது. 2019 நவம்பரில் அதிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. ஆகவே வாலாஜாப்பேட்டையில் பிறந்த ஒருவரின் ஆவணங்களில், வீடு மாறாமலே மூன்று நான்கு மாவட்டப் பெயர்கள் இருக்கலாம்.

வெளிமாநிலத்திலோ வெளிநாட்டிலோ உள்ள மனிதவளத் துறைக்கு இது தெரியாது. முகவரி பொருந்தவில்லை என்று விண்ணப்பத்தை நிறுத்திவைப்பார்கள். “இணைப்பு 1இல் வட ஆற்காடு என்றும் இணைப்பு 3இல் ராணிப்பேட்டை என்றும் மாவட்டப் பெயர் உள்ளது. மாவட்டப் பிரிப்பால் ஏற்பட்ட மாற்றம் இது; ஊர் ஒன்றே” என்று எழுதுங்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

ஆதார் கோப்பை அனுப்பினேன், திறக்கவில்லை என்கிறார்கள்.

தரவிறக்கிய இ-ஆதார் பிடிஎஃப்புக்குப் பாஸ்வேர்ட் உண்டு: பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள் பெரிய எழுத்தில், அடுத்துப் பிறந்த ஆண்டு. “கோப்புக்குப் பாஸ்வேர்ட் உள்ளது, போனில் தெரிவிக்கிறேன்” என்று மெயிலில் எழுதுங்கள். கோப்பும் பாஸ்வேர்டும் ஒரே மெயிலில் போவது, பூட்டிவிட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவது போல. முழு எண் தேவைப்படாத இடத்துக்குக் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை அனுப்புங்கள்.

வேறு எந்தக் காரணங்களால் கோப்பு திறக்காது?

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய வேர்டு கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். ஐபோன் படங்கள் ஹெய்க் வடிவில் இருந்தால் பழைய விண்டோஸில் திறக்காது, ஜேபிஜியாக மாற்றுங்கள். “வின்மெயில்.டாட்” என்று ஒரே ஒரு கோப்பு வந்ததாகப் பெறுபவர் சொன்னால், உங்கள் அவுட்லுக் ரிச் டெக்ஸ்ட் வடிவில் அனுப்புகிறது என்று பொருள்; ஹெச்டிஎம்எல்லுக்கு மாற்றினால் சரியாகும். இஎக்ஸ்இ போன்ற நிரல் கோப்புகளை ஜிமெயில் தடுத்துவிடும், ஜிப் செய்தாலும்.

இன்வாய்ஸில் வங்கிக் கணக்கு மாறியிருக்கிறது. எப்படித் தெரிவிப்பது?

அட்டாச்மெண்ட்டுக்குள் சத்தமில்லாமல் மாற்றி அனுப்பவே அனுப்பாதீர்கள். மோசடிக்காரர்கள் செய்வது இதைத்தான்: நடுவில் புகுந்து, அதே இன்வாய்ஸில் கணக்கு எண்ணை மட்டும் மாற்றி அனுப்புவார்கள். “இணைத்துள்ள இன்வாய்ஸில் வங்கிக் கணக்கு மாறியுள்ளது. பணம் அனுப்பும் முன், உங்களிடம் ஏற்கெனவே உள்ள எங்கள் அலுவலக எண்ணில் அழைத்து உறுதிசெய்யவும்” என்று எழுதுங்கள். மெயிலிலேயே புது போன் எண்ணைக் கொடுத்தால் இந்த எச்சரிக்கைக்கே அர்த்தமில்லை. மாற்றம் இல்லாத மாதங்களிலும் “வங்கி விவரத்தில் மாற்றம் இல்லை” என்று ஒரு வரி எழுதும் வழக்கம் நல்லது.

மருத்துவமனைக்கு ரிப்போர்ட் அனுப்பும்போது?

சி.எம்.சி. போன்ற பெரிய மருத்துவமனைக்கு எழுதினால் நோயாளியின் பெயரும் ஹாஸ்பிடல் நம்பரும் பொருள் வரியில் வரட்டும். ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசையில் பட்டியலிட்டு, எது புதியது என்று சொல்லுங்கள். சிடி ஸ்கேன், எம்ஆர்ஐ படங்களின் முழுத் தொகுப்பு மெயிலில் போகாது. எழுத்து ரிப்போர்ட்டை மட்டும் இணைத்து, “படங்கள் உள்ள டிஸ்க்கை நேரில் கொண்டுவருகிறோம்” என்று எழுதுங்கள்.

வேலைக்கு விண்ணப்பிக்கும் மெயிலில்?

கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் பணியின் பெயரும் இருக்கட்டும். வெறும் “ரெஸ்யூமே” என்ற பெயரில் அந்த இன்பாக்ஸில் நூற்றுக்கணக்கில் கிடக்கும். கேட்டதை மட்டும் இணையுங்கள். ரெஸ்யூமே மட்டும் கேட்டிருந்தால், “மதிப்பெண் சான்றிதழ்களைக் கேட்கும்போது அனுப்புகிறேன்” என்று ஒரு வரி போதும்.

கோப்பு கிடைத்ததா என்று எப்போது, எப்படிக் கேட்பது?

நீங்கள் கொடுத்த கெடுவுக்கு ஒரு வேலை நாள் முன்பு. “கிடைத்ததா?” என்று மட்டும் கேட்டால் “கிடைத்தது” என்று பதில் வந்து நின்றுவிடும். “திங்களன்று அனுப்பிய பேக்கிங் லிஸ்ட் (1 பிடிஎஃப்) திறக்கிறதா? 7ஆம் பெட்டியின் எடையை உறுதிசெய்தால் நாளை லோடிங் தொடங்கலாம்” என்று கேளுங்கள். ரிப்ளையில் பழைய கோப்பு போகாது என்பதால், இந்த நினைவூட்டலிலும் அதை மறுபடி இணையுங்கள்.

அவசரத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, மெயிலிலும் அனுப்பலாமா?

அனுப்பலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கி, சிறிய எழுத்தும் முத்திரையும் மங்கிவிடும், டாகுமெண்ட்டாக அனுப்புங்கள். மெயிலில் “காலையில் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அதே பிடிஎஃப், பதிவுக்காக இங்கும் இணைத்துள்ளேன்” என்று எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஓர் எண்ணைத் திருத்தியிருந்தால் “அதே” என்று எழுதாமல், திருத்திய எண்ணைக் குறிப்பிட்டு, மெயிலில் உள்ளதே இறுதியானது என்று வாட்ஸ்அப்பிலும் ஒரு வரி போட்டுவிடுங்கள்.